வியாழக்கிழமைக் குப்பி

நேசபாய் குப்பியை ஈரத்துணியில் சுற்றி ஓலைப்பெட்டிக்குள் நிமிர்த்தி வைத்தாள். சரிந்துவிடாமல் இரண்டு பக்கமும் பழந்துணியைத் திணித்தாள். வாசலில் வண்டிக்காரர் தாணுலிங்கம் காளைகளை அதட்டிக்கொண்டு நின்றார். இராஜாக்கமங்கலத்திலிருந்து நாகர்கோவில் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமைதோறும் அவள் இப்படித்தான் போய்வந்தாள். குப்பியில் இருந்தது அவளுடைய தம்பி மனைவி லீலாபாயின் காலைச் சிறுநீர்.

கொல்லம் ஆயிரத்து நூற்றுப்பத்தாம் ஆண்டு ஐப்பசி அது. மழை விடாமல் பெய்து ரோடெல்லாம் பள்ளமாகக் கிடந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் நேசபாய் பெட்டியை மடியோடு அணைத்துக்கொள்வாள்.

லீலாபாய்க்கு இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, ஏழாம் மாதத்தில் முகமும் காலும் வீங்கி, கண் மங்கி, அடுக்களையிலேயே வலிப்பு வந்து விழுந்தாள். பிள்ளை செத்துப் பிறந்தது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்பதால் கோயில் மணி அடிக்கவில்லை, பெயரும் வைக்கவில்லை. லீலாபாயின் கணவன் ரசலையன் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். அவனே துணியில் பொதிந்து எடுத்துப்போய் தென்னந்தோப்பின் மூலையில் புதைத்துவிட்டு வந்தான். லீலாபாயின் வீக்கம் சில வாரங்களில் வடிந்தது. ஆனால் அவள் சிறுநீரைச் சூடாக்கினால் தோன்றும் வெண்மை மட்டும் போகவே இல்லை.

ஏலியம்மா டாக்டர்தான் அதை நேசபாய்க்குக் காட்டினாள். திருவல்லா மலையாளி, மெட்ராஸில் படித்துவிட்டு வந்தவள். கண்ணாடிக் குழாயில் சிறுநீரை ஊற்றி, சாய்த்துப் பிடித்து, மேல்பாகத்தை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டினாள். தெளிவாக இருந்தது மெல்லக் கலங்கி வெளுத்தது. இரண்டு சொட்டு புளிப்புத் திராவகம் விட்டாள். வெண்மை கலையவில்லை.

"இது முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒரு சத்து, கேட்டோ. ரத்தத்துல நிற்க வேண்டியது. கிட்னி கெட்டா இப்படி ஒழுகும். ஒழுக்கு கூடக் கூட கிட்னி சுருங்கும். இன்னொரு பிள்ளை வேண்டாம்னு நான் அன்னிக்கே பறஞ்சேன்."

ஆனால் இன்னொரு பிள்ளை உண்டாகிவிட்டது. அதன்பின் டாக்டர் வைத்த ஏற்பாடுதான் இந்த வியாழக்கிழமைக் குப்பி. லீலாபாய் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது, வண்டியில் குலுங்கக் கூடாது. உப்பு, மீன், இறைச்சி எதுவும் கூடாது. டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை இராஜாக்கமங்கலம் டிஸ்பென்சரிக்கு வந்து அவளைப் பார்ப்பதாக இருந்தது. ஆனால் உடன் இருந்த இன்னொரு டாக்டர் லீவில் போய்விட, ஆஸ்பத்திரி முழுவதும் ஏலியம்மாவின் தலையில் விழுந்தது. ஆகவே அவளுக்கு லீலாபாயைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்தக் குப்பி சொல்வது மட்டும்தான்.

கோடு போட்ட வேறொரு குழாயில் சிறுநீரோடு மஞ்சள் மருந்து கலந்து டாக்டர் வெகுநேரம் அசையாமல் வைப்பாள். வெண்மை அடியில் படியும். எந்தக் கோடுவரை படிகிறதென்று பார்ப்பாள். நான்காம் மாதம் முடியும்போது அது ஏறத் தொடங்கியது.

"போன வாரத்தைவிடக் கூடுதல். அடுத்த வாரமும் இந்தக் கோட்டுக்கு மேலே வந்தா நான் காத்திருக்க மாட்டேன். அவளை இங்கே கொண்டு வரணும். பிள்ளையை எடுத்தே தீரணும்."

"பிள்ளை…?"

"அஞ்சாம் மாசத்துப் பிள்ளை எப்படிப் பிழைக்கும்? அவளாவது பிழைப்பாள்."

வீட்டுக்கு வந்து நேசபாய் அதை முதலில் லீலாபாயிடம்தான் சொன்னாள். தம்பி பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கவில்லை. லீலாபாய் அழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிறகு நேசபாயின் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

"அனங்குகு மைனி. நேத்து முதல் அனங்குகு."

நேசபாயின் உள்ளங்கையில் எந்த அசைவும் தெரியவில்லை. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

அடுத்த வியாழன் காலையில் லீலாபாய் வெறும் குப்பியை அவளிடம் நீட்டினாள்.

"இந்தத் தடவ உங்க நீரைக் கொண்டு போங்க."

"எனக்க நீரையா?"

"ஆமா. உங்களுக்கு ஒரு சீக்கும் இல்லல்லா."

"ஏட்டி, நீ என்ன பேசுக? உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் ரசலையனுக்க முகத்துல எப்பிடி முழிப்பேன்?"

"ஒரு வாரம் மைனி. ஒரே ஒரு வாரம். அடுத்த வாரம் அதுவே குறைஞ்சிரும். குறையாட்டா நானே வந்து படுக்கேன். உங்க தம்பிட்ட மட்டும் சொல்லிராதிய. ஒண்ணு பேரில்லாமப் போச்சு. இதுவும் அப்பிடிப் போவணுமா?"

நேசபாய் குப்பியை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அவளுக்கும் ஒரு காலத்தில் கணவன் இருந்தான்; கொழும்பில் காலரா கண்டு இறந்தான். அதன்பிறகு மிஷன் பங்களாவுக்கு லேஸ் பின்னிக் கொடுத்துத் தம்பியைப் படிக்கவைத்தாள். அந்த வீட்டில் ஒரு பிள்ளையின் சத்தத்தை லீலாபாயைவிட அவள்தான் அதிக காலம் எதிர்பார்த்திருந்தாள். குப்பியை இரண்டு தடவை கழுவினாள். தாணுலிங்கம் வாசலில் இருந்து கூப்பிட்டார். அவள் குளியல் மறைப்புக்குள் போனாள்.

அன்று டாக்டர் குழாயைச் சூடாக்கியபோது நேசபாய் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தால் நீர் கிணற்றுத் தண்ணீர்போல் தெளிந்திருந்தது. டாக்டர் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திராவகம் விட்டு இன்னொரு முறை சூடாக்கினாள்.

"இது அவளோடதுதானா?"

"ஆமா டாக்டரம்மா."

"முகத்துல வீக்கம் உண்டா? தலைவலி?"

"இல்ல."

"நான் எதிர்பார்க்கல. படுத்துக் கிடந்தது பலிச்சிருக்கு போல."

டாக்டர் சிரித்தாள். அந்த முகத்தில் நேசபாய் அதுவரை சிரிப்பைப் பார்த்ததில்லை.

ஒரு வாரம் என்றது பல வாரங்களாகியது. ஒவ்வொரு வியாழனும் லீலாபாய் வெறும் குப்பியை நீட்டினாள், நேசபாய் வாங்கிக்கொண்டாள். உண்மை தெரியாமல் இருந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பாள். அவளால் அப்படி இருக்க முடியவில்லை. ரசலையன் பள்ளிக்கூடம் போனபின், மாட்டுத் தொழுவத்துக்குள் ஒரு பழைய இரும்புக் கரண்டியில் லீலாபாயின் சிறுநீரை ஊற்றித் தீயில் காட்டி, டாக்டரின் திராவகத்துக்குப் பதிலாகக் காடி இரண்டு சொட்டு விட்டுப் பார்ப்பாள். முதலில் கஞ்சித் தெளிவுபோல் இருந்தது. பிறகு தேங்காய்ப்பால். கார்த்திகை முடியும்போது கரண்டியில் திரிந்த பாலைப்போலக் கட்டிகட்டியாக நின்றது.

"எப்பிடி இருக்கு மைனி?" என்று படுக்கையில் இருந்து குரல் வரும்.

"பரவாயில்ல மக்கா" என்று சொல்லிவிட்டுக் கரண்டியைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பாள்.

லீலாபாய்க்குக் கால் வீங்கியது. பிறகு விரல்கள் வீங்கி வளையலைக் கழற்ற முடியாமல் உடைக்க வேண்டிவந்தது. ரசலையன் கேட்டான். "பிள்ளத்தாச்சிக்குக் கால் வீங்கத்தானே செய்யும். டாக்டரே நல்லாருக்குன்னு சொல்லியாச்சு" என்றாள் லீலாபாய். அவனும் நம்பினான். மனைவி பிழைத்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் சாயங்கால ஜெபத்தில் அவன் குரல் உயர்ந்து ஒலித்தது. கொஞ்சம் உப்பும் மீனும் சேர்க்கலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய அன்று, கடற்கரைக்குப் போய் நெத்திலி வாங்கிவந்து தானே சுத்தம்செய்து அக்காவிடம் நீட்டினான்.

"நல்லா உப்பும் உறைப்பும் போட்டு வை அக்கா. எத்தன நாளாச்சு அவ ருசியாத் தின்னு."

நேசபாய் குழம்பில் ஒரு கல் உப்பும் போடவில்லை. ஒரு வாய் தின்றுவிட்டு அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். மறந்துவிட்டேன் என்றாள்.  ராத்திரியில் லீலாபாய் புரளும் சத்தம் கேட்டாலே வலிப்போ என்று எழுந்து உட்காருவாள்.

மார்கழி கடைசியாகி, லீலாபாய்க்கு ஏழாம் மாதம் முடியப்போகும் சமயம். அந்த வியாழன் நேசபாய் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தபோது, எதிர் பெஞ்சியில் ஒரு முஸ்லிம் பெண் உட்கார்ந்திருந்தாள். முக்காட்டுக்குள் முகம் உப்பி, கண்கள் சுருங்கித் தெரிந்தன. வயிறு சிறிதாக மேடிட்டிருந்தது. நேசபாயின் ஓலைப்பெட்டியைப் பார்த்ததும் அவள் எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்கதானா அந்த ராஜாக்கமங்கலத்துக்காரங்களுக்க மைனி?"

"ஆமா. நீங்க?"

"நான் ஹபீபா. கோட்டாறு. எனக்கும் அதே சீக்குதான். அஞ்சு மாசம் முடிஞ்சுது. புள்ளய எடுத்துரணும்னு டாக்டரம்மா ஒரே பிடிவாதமா நின்னாங்க. எங்க வீட்டுக்காரங்ககூட சம்மதிச்சுட்டாங்க. நான்தான் காலப் பிடிச்சு அழுதேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அப்பம் உங்க தம்பி பொஞ்சாதி கதையைச் சொன்னாங்க. அவங்களுக்கும் இப்பிடித்தான் கூடுதலா இருந்துச்சாம், படுத்துக் கிடந்ததுல அப்பிடியே தெளிஞ்சிருச்சாம். அதனால எனக்கும் தவண குடுத்திருக்காங்க. நான் அவங்களுக்காவவும் துஆ கேக்கேன் அக்கா. அவங்க மட்டும் இல்லைன்னா எனக்கப் புள்ள இதுக்குள்ள போயிருக்கும்."

நேசபாய் குனிந்து பார்த்தாள். ஹபீபாவின் கை அவள் கைமேல் இருந்தது. விரல்கள் வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது.

"தலைவலி உண்டா?" என்று கேட்டாள் நேசபாய்.

"ரெண்டு நாளா இருக்கு. கண்ணு முன்னால பூச்சி பறக்குற மாதிரியும் இருக்கு. அதச் சொன்னா புள்ளய எடுத்துருவாங்கன்னு நான் சொல்லலை. நீங்களும் சொல்லிராதீங்க."

நேசபாய் எழுந்தாள். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி, வேப்பமரத்தடியில் நின்ற வண்டிவரை நடந்தாள். "அதுக்குள்ள முடிஞ்சுதா?" என்று கேட்டார் தாணுலிங்கம். அவள் வண்டியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போய்ச் சொன்னால் லீலாபாயின் பிள்ளை. சொல்லாவிட்டால் இந்தப் பெண். லீலாபாய் தானே அறிந்து தன் உயிரைப் பணயம் வைத்திருக்கிறாள். இவளுக்கு ஒன்றும் தெரியாது. ஓலைப்பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்தாள். சாக்கடையில் கொட்டிவிட்டு மறுபடி உள்ளே போனாள்.

டாக்டர் வேறொருத்திக்கு மருந்து எழுதிக்கொண்டிருந்தாள். நேசபாய் முறைக்குக் காத்திருக்கவில்லை. வெறும் குப்பியை மேஜைமேல் வைத்தாள்.

"இவ்வளவு நாளும் நான் கொண்டு வந்தது எனக்கது டாக்டரம்மா. லீலாவுக்கது இல்ல."

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எப்போ முதல்?"

"நீங்க பிள்ளைய எடுக்கணும்னு சொன்னதுக்கு அடுத்த வாரம் முதல்."

"அவளோடது எப்படி உண்டு?"

"கரண்டியில காய்ச்சிப் பாப்பேன். திரிஞ்ச பால் மாதிரி நிக்குகு. காலும் கையும் வீக்கம். இன்னைக்குக் காலையில தலைவலிக்குன்னா."

டாக்டர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. அவள் கத்துவாள் என்று நேசபாய் எதிர்பார்த்தாள். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள். டாக்டரின் முகம்தான் வெளிறியது.

"வெளியே ஒரு ஸ்திரீ இருக்கிறாளே, அவளோட பிள்ளையை நான் உன் குப்பியை நம்பியாணு விட்டுவெச்சேன். தெரியுமா?"

"தெரியும். அதுக்குத்தான் வந்தேன். அவளுக்கும் தலைவலி இருக்கு. கண்ணுல பூச்சி பறக்குதாம். உங்ககிட்ட மறைக்கா."

டாக்டர் வராந்தாவை எட்டிப் பார்த்தாள். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு ஹபீபாவை உள்ளே படுக்கவைக்கச் சொன்னாள். நேசபாயிடம் திரும்பி, "போய் அவளைக் கொண்டு வா. இனி குலுங்கினாலும் பரவாயில்ல. ஓடு" என்றாள்.

வெளியே வரும்போது ஹபீபா பெஞ்சியிலிருந்து அவளைப் பார்த்துச் சிரித்தாள். நேசபாய் தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோனாள்.

தாணுலிங்கம் அன்று காளைகளை அடித்து ஓட்டினார். வீட்டுக்குப் போனபோது லீலாபாய் கட்டிலில் உட்கார்ந்து நெற்றியைத் துணியால் இறுகக் கட்டியிருந்தாள்.

"சொல்லிட்டியளா?" என்றாள் நேசபாயின் முகத்தைப் பார்த்ததும்.

"சொல்லிட்டேன். எந்திரி."

"இன்னும் கொஞ்சம் நாள் மைனி. ஒரு மாசம் இருந்தா போதும்."

"எந்திரிட்டி! உன்ன நம்பி அங்க இன்னொருத்தி சாவக் கெடக்கா!"

பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்த ரசலையனுக்கு வண்டியில்தான் விஷயம் சொல்லப்பட்டது. அவன் அக்காவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான்.  லீலாபாயின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். பாதி வழியில் அவள் ஏதோ வெளிச்சம் அடிக்கிறதென்று கண்ணைப் பொத்தினாள். பிறகு கைகள் விறைத்தன. பற்கள் நாக்கைக் கடிக்காமலிருக்க நேசபாய் தன் முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்தாள். உடல் துள்ளித் துள்ளி விழுந்தது. "ஆண்டவரே, ஆண்டவரே" என்பதைத் தவிர ரசலையனுக்கு வேறு வார்த்தை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு இன்னும் இரண்டு முறை வலிப்பு வந்தது. டாக்டர் ஊசி போட்டு, அறையை இருட்டாக்கி, மறுநாள் காலையில் பிள்ளையை எடுத்தாள். பெண். தேங்காய்ச் சிரட்டைக்குள் தலை அடங்கும்போல இருந்தது. அது அழவில்லை, பூனைக்குட்டிபோல் முனகியது. பஞ்சுக்குள் பொதிந்து, வெந்நீர்ப் புட்டிகளுக்கு நடுவே வைத்தார்கள். லீலாபாய்க்கு நினைவு திரும்பவில்லை. அதற்கு மறுநாள் மாலையில்தான் கண்ணைத் திறந்தாள். சிறுநீர் சொட்டாக இறங்கியது. டாக்டர் அதையே பார்த்துக்கொண்டு அவள் கட்டிலருகே நின்றாள்.

ஹபீபாவின் பிள்ளையை அந்த வியாழன் அன்றே எடுத்துவிட்டிருந்தார்கள். அது பிழைக்கிற பிள்ளையல்ல. ஹபீபா பிழைத்தாள்.

லீலாபாயின் பிள்ளைக்குப் பால் இல்லை. தாய்க்குச் சுரக்கவில்லை. பசும்பாலைத் தண்ணீர் விட்டுப் பஞ்சில் நனைத்துக் கொடுத்தார்கள்; பாதியைக் கக்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகம் சுருங்கிக்கொண்டு போனது. தாய்ப்பால் கிடைத்தால் ஒருவேளை நிற்கும் என்றாள் நர்ஸ். பிரசவ வார்டில் அப்போது பால் உள்ளவளாக ஒருத்திதான் இருந்தாள். கடைசிக் கட்டிலில் ஹபீபா; பால் வற்றுவதற்காக அவள் மார்பில் துணியை இறுகக் கட்டிவிட்டிருந்தார்கள். பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடித்தது.

நேசபாய் அந்த வார்டு வாசல்வரை போவாள், திரும்பி வருவாள். எந்த வாயால் கேட்பது? மூன்றாம் முறை போனபோது ஹபீபாவே அவளைப் பார்த்துவிட்டாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நேசபாய் கட்டிலருகே போய் நின்றாள்.

"நான் சொன்னதால உங்க பிள்ள போச்சு" என்றாள்.

 ஹபீபா திரும்பாமலே கேட்டாள்.

"அவங்களுக்கப் புள்ள?"

"பெண்ணு. உயிரோட இருக்கு."

"நீங்க பொய் சொன்னதால அதுக்கு உயிரு. அப்பிடித்தானே?"

நேசபாய் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பால் குடிக்குதா?"

"இல்ல. கக்குகு."

ஹபீபாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று தெரிந்தது. நேசபாய் போய்விடலாம் என்று திரும்பினாள்.

"கொண்டு வாங்க" என்றது பின்னாலிருந்து குரல். "நான் அது முகத்தப் பாக்க மாட்டேன். கொண்டு வந்து வைங்க."

பிள்ளைக்கு உறிஞ்சத் தெம்பில்லை. ஹபீபா கிண்ணத்தில் பீய்ச்சிக் கொடுத்ததை நேசபாய் பஞ்சில் நனைத்து வாயில் வைத்தாள். கக்கவில்லை. சில நாளில் அது மார்பிலேயே குடிக்கத் தொடங்கியது. முகத்தைப் பார்க்க மாட்டேன் என்றவள் அதற்குள் பார்க்கத் தொடங்கியிருந்தாள். அவள் கணவன் மைதீன் கனி அழைத்துப்போக வந்தபோது, காய்ச்சல் இன்னும் விடவில்லை என்று சொல்லி இன்னொரு வாரம் தங்கினாள். அவனும் புரிந்துகொண்டவன்போல் நேசபாய்க்கும் சேர்த்துத் தூக்குப்பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். கடைசி நாள் போகும்போது ஹபீபா பிள்ளையின் பெயரைக் கேட்கவில்லை. அதற்கு அன்றுவரை பெயர் வைத்திருக்கவுமில்லை.

ரசலையன் அக்காவிடம் ஒரு வாரம் பேசவில்லை. ஒரு மத்தியானம் பிள்ளையைத் தூக்கிக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சோறு கேட்டான்.

லீலாபாய் எழுந்து நடமாட ஒரு மாதமாயிற்று. வீட்டுக்கு விடும் நாளில் டாக்டர் அவளைத் தன் எதிரே உட்காரவைத்தாள். இப்போது எல்லாவற்றையும் அவளிடமே நேராகச் சொன்னாள். ஒழுக்கு குறையவில்லை. கண்ணாடி மிதவையைச் சிறுநீரில் போட்டுப் பார்த்தாயிற்று. காலையிலும் மாலையிலும் அது ஒரே கோட்டில்தான் நிற்கிறது. நல்ல கிட்னி என்றால் ஏறியும் இறங்கியும் நிற்க வேண்டும். இது மேலும் கெடும். எப்போது என்பதை மட்டும் குழாயும் மிதவையும் சொல்லாது.

"பிள்ள நடக்குதுவர இருப்பேனா?" என்று கேட்டாள் லீலாபாய்.

"இருப்பாய்னு விசுவாசிக்கிறேன்."

"பள்ளிக்கூடம் போறதுவர?"

டாக்டர் நாற்காலியை அவள்பக்கம் இழுத்துக்கொண்டாள். "உப்பைத் தொடாதே. இன்னொரு பிள்ளை வேண்டாம். மறைக்காமல் என்னிடம் வா. பிறகு பார்க்கலாம்."

லீலாபாய் தலையாட்டினாள். நேசபாயின் கையிலிருந்த பிள்ளையை வாங்கி, அதன் உச்சந்தலையை முகர்ந்தாள்.

"ஹபீபாக்க வீடு கோட்டாத்துல எந்தத் தெருவுன்னு தெரியுமா மைனி?"

"ஏன்?"

"போற வழிதானே. பேரு அவிய வைக்கட்டு."

நேசபாய் தயங்கினாள். அந்தப் பெண் கதவைத் திறப்பாளா, திறந்தாலும் என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ரசலையனைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே எழுந்து, வண்டி பூட்டச் சொல்ல வெளியே போய்க்கொண்டிருந்தான்.